கை என்று எழுதாத கடிதம்

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் நீ. இன்று வியாழக்கிழமை. அதற்குள் எத்தனை முறை உனக்குப் போன் செய்தேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். 'மீட்டிங்கில் இருக்கேன்' என்று ஒரே ஒரு மெசேஜ் வந்தது, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நானே கொண்டுவந்து உன் அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவேன். மாடிக்கு வந்து உன் கதவைத் தட்ட மாட்டேன், பயப்படாதே. திங்கட்கிழமை நீ அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். படித்த பிறகு என்னோடு பேசாவிட்டாலும் போகட்டும். உன் காலில் விழுகிறேன் என்று மகனுக்கு எழுத ஒரு தாய்க்குக் கூசும் என்பார்கள். எனக்குக் கூசவில்லை.

அன்று நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஏற்றும் பம்பு செய்கிறது. மணிக்கு இவ்வளவு என்று நர்ஸ் அளவு வைத்துவிட்டால் அது தானாகவே நரம்பில் மருந்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, எப்போதாவது ஒரு தடவை, அது புதிதாக வைத்த அளவை விட்டுவிட்டு, அதற்கு முன் அந்தப் பம்பில் இருந்த நோயாளியின் அளவை எடுத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்ததே நீதான். பெரியவருக்கு வைத்த அளவு பச்சைக் குழந்தைக்குப் போய்விடும், குழந்தை பிழைக்காது என்று நீ அறிக்கையில் எழுதியிருந்தாய். உன் மேலதிகாரி அந்த வரியை எடுத்துவிட்டு வேறொரு வரி போட்டுக் கொடுத்திருக்கிறார். அரிதான சில சூழ்நிலைகளில், செலுத்தப்படும் அளவில் ஒரு மாறுபாடு ஏற்படக்கூடும். ரசம் ஊற்றிக்கொண்டே அந்த இங்கிலீஷ் வரியை எனக்குச் சொல்லிக் காட்டினாய். "அவர் சொல்றதும் சரிதாம்மா. எல்லா தடவையும் ஆகலையே. 'வில்'னு எழுதினா டெக்னிக்கலா தப்பு. 'மே'ன்னுதான் எழுதணும்," என்றாய்.

அப்போதுதான் நான் கத்தினேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "அதுல கையெழுத்து போடாதடா, போடாதடா" என்று அக்கம்பக்கம் கேட்கும்படி கத்தினேன். ஏன் என்று நீ கேட்டாய். என்னால் சொல்ல முடியவில்லை. "உனக்கு இதுல என்னம்மா தெரியும்? நீ டைப்பிஸ்ட்டா இருந்தவ," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாய். நீ சொன்னது உண்மை. நான் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். அதனால்தான் எனக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது உனக்கு மூன்று வயது. அல்சூரில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் டைப்பிங் பாஸ் செய்திருந்தேன். ஆஸ்டின் டவுன் வீட்டில் உன்னை அத்தையிடம் விட்டுவிட்டு, ஓசூர் ரோட்டில் இரண்டு பஸ் மாறி பொம்மசந்திராவுக்குப் போவேன். தகரத்தை வெட்டி அமுக்கி உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி. ஆபீசில் பெண்கள் மூன்றே பேர். நான் டெம்பரரி. வருஷக் கடைசியில் பர்மனென்ட் செய்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். என் இங்கிலீஷ் அப்போது ஒன்றும் பெரிதில்லை. அட்மின் ஆபீசர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தமாட்டார். நான் டைப் செய்து கொண்டுபோகும் ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையால் திருத்துவார். "வில் போடாதேம்மா. அது மிரட்டுற மாதிரி இருக்கும். 'மே' போடு. இன்னும் மரியாதையா வேணும்னா 'மைட்' போடு," என்பார். ஆக்சிடென்ட் என்று எழுதினால் அடித்துவிட்டு அசௌகரியம் என்று பொருள்படும் ஒரு நீண்ட வார்த்தையைப் போடுவார். நான் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பஸ்ஸில் படித்தேன். ஆறு மாதத்தில் என் கடிதங்களில் சிவப்பு மையே விழவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை கண்ணா. உன் அப்பாவிடம் அந்தக் கடிதங்களின் காப்பியைக் கொண்டுவந்து காட்டுவேன்.

தகரத்தை அமுக்கும் பிரஸ் ஷாப்பில் கோதண்டம் என்று ஒரு போர்மேன் இருந்தார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் நன்றாகப் பேசுவார், இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்து மூலமான புகார் எதுவானாலும் இங்கிலீஷில்தான் தர வேண்டும் என்று கம்பெனியில் வழக்கம். ஒரு நாள் டீ நேரத்தில் என் மேஜைக்கு வந்தார். கையெல்லாம் எண்ணெய். உட்காரவில்லை.

"அம்மா, ஒரு லெட்டர் அடிச்சுக் குடு. மூணாம் நம்பர் பிரஸ்ஸு சரியில்ல. பெடல்ல இருந்து கால எடுத்தப்புறமும் ஒரு தடவ தானா எறங்குது. கை உள்ள போகாம தடுக்கற கார்டையும் கழட்டிப் போட்டுட்டாங்க, வேல ஸ்லோ ஆகுதாம். வாயால சொல்லிப் பாத்துட்டேன், செய்யறேன் செய்யறேன்னு கன்னடத்துல மாடுத்தினி மாடுத்தினின்னு சொல்றாங்க, ஒருத்தரும் செய்யல. இப்படியே உட்டா எவன் கையையாவது வாங்கிடும். அப்படியே எழுது."

எழுதினேன். எனக்கு இப்போதும் மனப்பாடம். தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில் என்று ஆரம்பித்து, மூன்றாம் எண் இயந்திரத்துக்குச் சற்றுக் கவனம் தேவைப்படலாம், தாமதமானால் ஊழியர்களுக்கு ஓரளவு அசௌகரியம் நேரக்கூடும் என்று முடித்தேன். இங்கிலீஷில் படிக்க அழகாக இருக்கும். ஒரு தவறு கண்டுபிடிக்க முடியாது. இரண்டு இடத்தில் 'மே', ஒரு இடத்தில் 'மைட்'. தாளை உருவி அவரிடம் நீட்டினேன். அவர் அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கைன்னு எழுதினியாம்மா?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கேண்ணா. எல்லாம் வந்திருக்கு," என்றேன்.

அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

இதை நேற்று வரை நான் உன் அப்பாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவரும் இப்போது இல்லை. ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால் பதில் ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது. பர்மனென்ட் ஆக வேண்டும், மேலே இருப்பவர்களுக்குக் கசப்பான தாள் என் மெஷினிலிருந்து போகக்கூடாது என்ற பயம் ஒன்று. அதைவிட வெட்கக்கேடானது இன்னொன்று. கை போய்விடும் என்று எழுதினால் அது படிக்காதவள் எழுதியது போல இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஆபீஸ் கடிதத்தில் கை என்ன, ரத்தம் என்ன என்று நினைத்தேன். ஒரு மனிதன் எண்ணெய்க் கையோடு வந்து பயந்துபோய்ச் சொன்னதை எடுத்து, நான் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கூட ஆகவில்லை. காலை ஷிப்ட். நான் மேஜையில் டைப் மெஷினின் கவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பிரஸ் ஷாப்பின் சத்தம் எப்போதும் இருக்கும், அது நின்றால்தான் நமக்குக் கேட்கும். நின்றது. பிறகு ஒரு குரல், அதைப் பற்றி எழுத மாட்டேன். மாதேசன் என்று ஒரு பையன், தருமபுரிப் பக்கம், இருபத்திரண்டு வயது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். வலது கை. மணிக்கட்டோடு.

விசாரணை வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். எங்கள் ஆபீஸ் அறையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார். கோதண்டம் அண்ணன் நிமிர்ந்து நின்று சொன்னார், "சார், நான் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கேன். கை போயிடும்னு எழுதிக் குடுத்திருக்கேன். பைல்ல இருக்கும், எடுத்துப் பாருங்க." எடுத்தார்கள். அட்மின் ஆபீசர் அதை வாய்விட்டுப் படித்து, கன்னடத்திலும் அர்த்தம் சொன்னார். கவனம் தேவைப்படலாம். அசௌகரியம் நேரக்கூடும். மேனேஜ்மென்ட் தரப்பில் ஒருவர், "இதை வெச்சு நாங்க என்ன சார் புரிஞ்சுக்கறது? மிஷின் சத்தம் போடுதுன்னு கூட இருக்கலாமே," என்றார். சிரிக்கவில்லை, நியாயமாகக் கேட்பது போலத்தான் கேட்டார். கோதண்டம் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த அதிகாரியும் பார்த்தார். "நீங்கதானே டைப் பண்ணீங்க? இவர் கைன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல சார்," என்றேன்.

போர்மேன் சரியாக எச்சரிக்கவில்லை, கெட்டுப்போன மெஷினில் ஆளை உட்கார வைத்தார் என்று எழுதிக் கோதண்டம் அண்ணனை வேலையை விட்டு அனுப்பினார்கள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போகும்போது என் மேஜைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. உனக்குத் தமிழ் தெரியுமில்ல?" என்றார். அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில் என்னைப் பர்மனென்ட் செய்தார்கள். அந்த வேலையில்தான் நீ படித்தாய்.

உன் அப்பா, "விடு, அடிச்சுக் குடுத்தவ தானே நீ, மிஷின ரிப்பேர் பண்ண வேண்டியது அவனுங்க," என்று பல தடவை சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். ஆனால் செய்த தப்போடு நான் நிற்கவில்லை கண்ணா. அதை உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு ஏழு வயதிருக்கும்போது நம் பாத்ரூம் ஹீட்டர் சுவிட்ச் ஈரக் கையோடு தொட்டால் ஷாக் அடிக்க ஆரம்பித்தது. நீ நோட்டுத் தாள் கிழித்து, பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்தில், தொடாதே, நீ செத்துப்போவாய் என்று எழுதி ஒட்டினாய். நான் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். உன்னை மடியில் உட்கார வைத்து, 'வில்'லை அடித்து 'மே' போட வைத்தேன். செத்துப்போவாய் என்பதையும் அடித்து, ஆபத்து விளையக்கூடும் என்று அழகாக மாற்ற வைத்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் பையன் இங்கிலீஷ பாருங்க," என்று காட்டினேன். ஏழு வயதில் நீ எழுதியதுதான் சரி. அதை அடித்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வரியைச் சொல்லிக் காட்டியபோது உன் மேலதிகாரியின் குரல் எனக்குக் கேட்கவில்லை, என் குரல்தான் கேட்டது. அதனால்தான் கத்தினேன்.

எல்லாத் தடவையும் ஆகாது, அதனால் 'மே'தான் சரி என்றாயே, அதைப் பற்றி நான்கு நாளாக யோசித்தேன். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸும் எல்லாத் தடவையும் தானாக இறங்கவில்லை. நாள் முழுக்கச் சரியாக ஓடும். கை போகும் என்று யாராலும் சத்தியம் செய்திருக்க முடியாது. 'மே' போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கடிதத்தைக் கெடுத்தது அந்த ஒரு எழுத்து இல்லை என்று இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கே தெரிகிறது. 'மே' போட்டிருந்தாலும், மாதேசனோ வேறொருவனோ கையை இழக்கக்கூடும் என்று எழுதியிருந்தால் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் படித்துவிட்டு டீ குடித்திருக்க முடியாது. எப்போது நடக்கும், யாருக்கு நடக்கும், என்ன போகும், இந்த மூன்றையும் நான் எடுத்துவிட்டேன். உன் மேலதிகாரியும் அந்த மூன்றைத்தான் எடுத்திருக்கிறார். மாறுபாடு என்றால் என்னடா? குழந்தை எங்கே? கரண்ட் போய் வந்தால் என்பது எங்கே? வார்டில் நிற்கும் நர்ஸுக்கு, கரண்ட் வந்ததும் ஓடிப்போய் அளவைப் பார் என்று அந்த வரி சொல்லுமா?

நேற்று ஒரு காரியம் செய்தேன். மாதேசனைப் போய்ப் பார்த்தேன். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்கு எப்போதுமே தெரியும். பொம்மசந்திராவில் மெயின் ரோட்டிலேயே சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறான். நான் ரிடையர் ஆகும் வரை கம்பெனி பஸ்ஸில் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போனேன். அந்த இடம் வரும்போது கைப்பைக்குள் எதையாவது தேடுவேன். நேற்று இறங்கினேன். காலை பத்து மணி, கடையில் கூட்டமில்லை. ஐம்பதை நெருங்கிவிட்டான், தலையில் நரை. இடது கையால் அரிசி அளந்துகொண்டிருந்தான். அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க மேடம், ஆபீஸ் மேடம்தானே? உக்காருங்க, நீர் குடிக்கிறீங்களா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். கோதண்டம் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது என்றான். "கடைசி வரைக்கும் என்னெப் பாக்க வருவாரு. நான் அன்னிக்கே மிஷின நிறுத்தியிருக்கணும்டான்னு சொல்லிச் சொல்லி அழுவாரு. லெட்டர் எழுதிக் குடுத்ததப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

நின்றுகொண்டேதான் சொன்னேன். அவர் வந்து கேட்டது, நான் எழுதியது, எழுதியிருக்கேன் என்று அவரிடம் சொன்னது, ஞாபகம் இல்லை என்று விசாரணையில் சொன்னது, எல்லாம். மாதேசன் அளந்துகொண்டிருந்த படியை அரிசிக்குள்ளேயே வைத்துவிட்டான். ஒரு அம்மா தேங்காய் எண்ணெய் கேட்டு வந்தாள். எடுத்துக் கொடுத்து அனுப்பினான். பிறகுதான் பேசினான்.

"நீங்க கைன்னு எழுதியிருந்தா மிஷின நிறுத்தியிருப்பாங்களா மேடம்?"

"நிறுத்தியிருக்கலாம்பா," என்றேன்.

"இருக்கலாம்னா? நிறுத்தியிருப்பாங்களா, இல்லியா?"

"தெரியலப்பா."

"இத்தன வருஷம் இது ஆக்சிடென்ட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன். யார் மேலயும் கோவமில்லாம பொழைச்சுட்டேன். இப்ப வந்து சொல்லிட்டீங்க. உங்களுக்குப் பாரம் எறங்கியிருக்கும். எனக்கு இன்னிக்குத்தான மேடம் ஆரம்பம்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். மன்னித்துவிடு என்று நான் கேட்டேன். அடுத்து ஒரு ஆள் வந்து பருப்பு கேட்டான், மாதேசன் எழுந்துவிட்டான். நான் ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மூன்று பஸ் போனது, ஏறத் தோன்றவில்லை.

கண்ணா, அந்த ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் இதை உனக்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் எழுதியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள், நான் எழுதியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள், இந்த இரண்டில் எது உண்மை என்று எனக்கு இனிமேல் தெரியவே தெரியாது. சாகும் வரை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். மாதேசனையும் நேற்று கொண்டுபோய் அங்கே உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உனக்கு இன்னும் அப்படி ஆகவில்லை. உனக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நீ உண்மையை எழுதினால் உன் மேலதிகாரி உன்னை ஒதுக்கலாம், அந்த வேலையே போகலாம். அதை மறைத்து உன்னைத் தேற்ற மாட்டேன். போனால் வீட்டுக்கு வா. என் பென்ஷனில் இரண்டு பேர் சாப்பிடலாம், இந்த வீடு உனக்குத் தெரிந்த வீடுதான். எதுவுமே நடக்காமலும் போகலாம், எந்த ஆஸ்பத்திரியிலும் எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகாமல் அந்தப் பம்பு பழசாகித் தூக்கிப் போடப்படலாம். அப்படியே ஆகட்டும் என்று கும்பிடுகிறேன். ஆனால் ஒரு குழந்தைக்கு ஆகிவிட்டால், உன் தாளை எடுத்து ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இதை வைத்து நாங்கள் என்ன புரிந்துகொள்வது என்று இன்னொருவர் நியாயமாகக் கேட்பார், அந்தக் குழந்தையின் அம்மா அங்கே உட்கார்ந்திருப்பாள். அவள் உன்னிடம் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்ல உன்னிடம் ஒன்றுமே இருக்காது.

என் இங்கிலீஷில் உனக்காக ஒரு வரி எழுதிப் பார்த்தேன். நான்கைந்து தடவை அடித்து அடித்து எழுதினேன். கடைசியில் வந்தது இதுதான், தமிழிலேயே சொல்கிறேன், நீ உன் இங்கிலீஷில் போட்டுக்கொள். கரண்ட் போய்த் திரும்பினால், இந்தப் பம்பு முந்தைய நோயாளியின் அளவுக்கு மாறிவிடக்கூடும். அப்படி மாறினால், குழந்தைக்குப் பெரியவர்களின் அளவு மருந்து போகும். உடனே நிறுத்தாவிட்டால் குழந்தை இறந்துவிடும்.

இலக்கணம் தவறாக இருந்தால் திருத்து. குழந்தையை மட்டும் எடுத்துவிடாதே.

அம்மா